தோட்டத்துக் கலைஞரின் இளமைக் காலத்தை எழுதுவது எப்படி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடி எனக்கு அதிகம் வருவது மலர் வேலை. கோயில் திருவிழா மலர், பள்ளிக்கூட ஆண்டு விழா மலர், பழைய பாடகருக்கோ உறுமி மேளக்காரருக்கோ எடுக்கும் பாராட்டு விழா மலர் என்று ஏதாவது ஒன்று மேசையில் இருந்துகொண்டே இருக்கும். விளம்பரங்கள் நேரத்துக்கு வந்துவிடும். ஒய்.பி.யின், அதாவது தொகுதி மக்கள் பிரதிநிதியின், வாழ்த்துரை படத்தோடு வந்து முதல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். விழா நாயகரின் வாழ்க்கைக் குறிப்பு மட்டும் கடைசி நாளில் வாட்ஸ்அப்பில் நாலு வரியாக வரும்: "எளிய குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே இசையில் ஆர்வம் கொண்டு, விடாமுயற்சியால் உயர்ந்தவர்." பெயரை மட்டும் மாற்றினால் பேராக்கில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை நிரப்ப முடியாது என்பதால்தான் நானே போய்க் கேட்டு எழுத ஆரம்பித்தேன். இப்போது பேரப்பிள்ளைகள் சிலர் தாத்தாவைப் பற்றித் தாங்களே எழுதித் தர முன்வருகிறார்கள். நல்ல விஷயம். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எது இளமைக் காலம் என்று ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். பிறந்த நாளிலிருந்து, பாட்டுக்காகவோ மேளத்துக்காகவோ முதன்முதலில் கையில் காசு வாங்கிய நாள் வரை என்பது என் எல்லை. அதற்குப் பிறகு நடந்ததை நண்பர்கள் சொல்வார்கள், நோட்டீஸ் இருக்கும், படம் இருக்கும். அதற்கு முந்தியது நாலைந்து பேருக்குத்தான் தெரியும், அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. இருக்கிற நேரத்தை அங்கே செலவழியுங்கள்.

எப்படி அமைய வேண்டும் என்பதற்கு மலாய்ப் பாடகரும் நடிகருமான பி. ரம்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1929 மார்ச் 22, பினாங்கு. இயற்பெயர் தெக்கு சக்கரியா. அப்பா சுமத்ராவின் அச்சேவிலிருந்து வந்த தெக்கு ஞாக் பூத்தே. அந்தப் பூத்தேதான் முன்னால் நிற்கும் 'பி'. 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டார். போனதும் கிடைத்தது பின்னணிப் பாட்டும் துணை வேடமும்தான். அப்போது வயது 19. அப்பா யார், எங்கிருந்து வந்தார், பெயர் எப்படி அமைந்தது, எந்த ஊரில் யார் காதில் அந்தக் குரல் விழுந்தது, முதலில் என்ன வேலை கொடுத்தார்கள் என்று எல்லாம் சில வரியில் வந்துவிட்டது. 'ஆர்வம்' என்ற சொல்லே தேவைப்படவில்லை.

ம.இ.கா. கட்சித் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1919 ஜூன் 16-இல் இங்கே பிறந்தவர். மேடையில் ஏறுகிறவர்கள் உணர்ச்சி வேகத்தில் அவரை 'தோட்டத்து ஏழைப் பிள்ளை' ஆக்கிவிடுவதைக் கேட்டிருக்கிறேன். அவருடைய அப்பா ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். மகன் கோலகங்சார் கிளிஃபோர்டு பள்ளியில் படித்து, அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தோட்டத்தில் பால் வெட்டியவர் மகன் வேறு, தோட்டம் வைத்திருந்தவர் மகன் வேறு. உள்ளதை உள்ளபடி எழுதினால் அவருக்கு ஒரு குறையும் வராது. தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அந்த யோசனை எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதன் அருமை தெரியும். உங்கள் தாத்தா கிராணி (தோட்டத்து எழுத்தர்) மகன் என்றால் கிராணி மகன் என்றே எழுதுங்கள். எல்லோரையும் ஏழையாகப் பிறக்க வைக்க வேண்டியதில்லை.

ஆண்டைக் கேட்காதீர்கள்

"எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்டால் ஒரு வருஷம் சொல்வார். கேட்டுவிட்டார்களே என்பதற்காகச் சொல்லும் வருஷம் அது. மறுநாள் கேட்டால் வேறு சொல்வார். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: அப்போது தோட்டத்தை நிர்வகித்த துரை யார்? எந்த டிவிஷனில் இருந்தீர்கள்? லயத்து வீடுகளுக்கு லைட்டு வந்துவிட்டதா, மண்ணெண்ணெய் விளக்கா? ரப்பர் பால் மரமா, செம்பனை போட்டுவிட்டார்களா? ஆயாக்கொட்டகையில் உங்களைப் பார்த்துக்கொண்டது யார்? இவற்றுக்கெல்லாம் மனதில் பதில் இருக்கும், ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று தானாக வரும்.

கிடைத்த பதில்களை ஊரறிந்த நாட்களோடு ஒட்டிப் பாருங்கள். எங்கள் பக்கம் பெரியவர்களுக்கு மறக்காத நாள் 1948 ஜூன் 16. எல்பில் தோட்டத்திலும் பக்கத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலம் தொடங்கியது அதிலிருந்துதான். (அன்று சம்பந்தனுக்கு 29-ஆவது பிறந்த நாள். யாரும் கவனிப்பதில்லை.) அவசரகாலம் 1960 வரை நீடித்தது. கம்பி வேலியும் ஊரடங்கும் இருந்த வருஷங்களில் ஒருவர் "விடிய விடிய நாடகம் போட்டோம்" என்றால், வேலிக்கு உள்ளேயா, எந்தத் தோட்டம், யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் கதை இருக்கும். 1957 ஆகஸ்ட் 31 மெர்டேக்கா (சுதந்திர நாள்), 1963 டிசம்பர் 28-இல் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது, 1969 மே 13 இனக் கலவரம் ஆகியவையும் கைகொடுக்கும். "மன்றத்தில் டிவி வந்த பிறகுதான் நான் கிட்டார் பிடித்தேன்" என்று ஒருவர் சொன்னால் 1964-க்கு முன்னால் போக வேண்டாம்.

இதையெல்லாம்விட நம்பகமான சாட்சி சினிமாப் பாட்டு. பத்து வயதில், 1962-இல், தோட்டத்துத் திருவிழாவில் 'நான் ஆணையிட்டால்' பாடி முதல் பரிசு வாங்கியதாக ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை' வெளியானதே 1965 பொங்கலுக்கு. கப்பலேறி இங்கே வந்து, பட்டணத்தில் ஓடி, தோட்டத்துப் பாடாங்கில் (திடலில்) வெள்ளைத் துணி கட்டிக் காட்டுவதற்கு இன்னும் காலம் பிடித்திருக்கும். ஆகவே அந்தப் பரிசு 1965-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. அவர் பொய் சொல்லவில்லை. பாட்டும் மேடையும் கைதட்டலும் சரி, வருஷம்தான் நழுவிவிட்டது. 'பதின்மூன்று வயதுக்கு மேல்' என்று எழுதினால் தீர்ந்தது. பாட்டின் பெயரைக் கேட்காமல் யாருடைய முதல் மேடையையும் எழுதாதீர்கள். என்ன பாட்டு, எந்த வரியில் தடுமாறினார், பின்னால் ஆர்மோனியம் வாசித்தது யார், மைக் இருந்ததா, பாட்டை ரேடியோவில் கேட்டுப் பிடித்தாரா, பாட்டுப் புத்தகம் வாங்கினாரா என்று துருவுங்கள்.

அக்காவைத் தேடுங்கள்

கலைஞர் தன்னைப் பற்றிச் சொல்வது பலமுறை மேடையில் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன கதையாக இருக்கும். கூடப் பிறந்த அக்கா இருந்தால் அவரைப் பாருங்கள். அக்காக்களுக்கு மரியாதை கொடுத்து மெழுகத் தெரியாது. "பாட்டாம் பாட்டு! ஒட்டுப்பால் பொறுக்கப் போகச் சொன்னா வாளியைக் கவுத்துப் போட்டுத் தட்டிக்கிட்டு நிப்பான். கங்காணி வந்து என்னையத்தான் ஏசுவாரு" என்று ஒரு பாட்டி சொன்னார். மலருக்கு அதைவிட என்ன வேண்டும்? தம்பி அதைக் கேட்டுச் சிரித்தார். அந்த வாளியை அவர் எந்த மேடையிலும் சொன்னதே இல்லை.

போகும் நேரமும் முக்கியம். காலையில் வேலை, மதியம் தூக்கம், ஏழு மணிக்கு மேல் சீரியல். நாலு மணித் தேநீருக்குப் போங்கள். பழைய ஆல்பத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பேசாமல் இருங்கள். பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்வது நல்ல பழக்கமில்லை.

வயதுக் கணக்கு

சூராட் பெரானாவில் (பிறப்புச் சான்றிதழில்) உள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதுதான் பிறந்த நாள் என்று சத்தியம் செய்யாதீர்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளையை யாராவது போலீஸ் நிலையம் வரை போய்ப் பதிய வேண்டிய காலம் அது. சிலர் அதற்குத் தாமதமாகப் போனார்கள். வீட்டில் சொல்லும் தமிழ் மாதமும் நட்சத்திரமும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். பிறந்த மாநிலத்தில் சந்தேகம் வந்தால் அடையாள அட்டை உதவும். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு மாநிலம். பேராக் 08, கெடா 02, பினாங்கு 07, சிலாங்கூர் 10. பார்த்துக்கொண்டால் போதும், அந்த எண்ணை மலரில் அச்சிட வேண்டாம். அச்சிடச் சொல்லி வந்தவர்களும் உண்டு!

பள்ளிக் கணக்கில் பெரும்பாலானோர் ஒரு வருஷம் தவறவிடுகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு முடித்த பிள்ளைகளில் பலர் நேராக இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்துக்குப் போகவில்லை, இடையில் புகுமுக வகுப்பு, அதாவது ரிமூவ் கிளாஸ், ஒரு வருஷம் இருந்தது. ஏழு வயதில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்து அப்படிப் போனவர் ஐந்தாம் படிவம் முடிக்கும்போது பதினெட்டு. பதினேழு என்று போட்டால் அதற்குப் பிறகு வரும் முதல் வேலை, முதல் குழு எல்லாம் ஒரு வருஷம் முன்னால் நகர்ந்துவிடும். தேர்வின் பெயரையும் பாருங்கள். யு.பி.எஸ்.ஆர். வந்ததே 1988-இல். 1975-இல் ஆறாம் ஆண்டு படித்தவர் அதில் தேறியிருக்க முடியாது.

ஆண்டிலிருந்து ஆண்டைக் கழித்து மட்டும் வயது போடாதீர்கள், மாதத்தையும் பாருங்கள். கோலகங்சாரில் பிறந்த ஓட்டக்காரர் டாக்டர் எம். ஜெகதீசன் 1943 நவம்பரில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக் நடந்தது ஆகஸ்டிலும் செப்டம்பரிலும். வெறுமனே கழித்தால் 17 வரும். உண்மையில் அவர் அங்கே ஓடும்போது 16 வயதுப் பையன். ஒரு சிறுவன் ஒலிம்பிக் போன கதைக்கு அந்த ஒரு வயது எவ்வளவு பெரியது!

குடும்பம் நடுவில் இடம் மாறியிருந்தால் காரணத்தைக் கேளுங்கள். தோட்டத் துண்டாடலில் வேலை போய் வேறு தோட்டத்துக்குப் போனவர்கள் ஏராளம். பிள்ளை புதுப் பள்ளியில் சேர்ந்து, பழைய வாத்தியாரின் பாட்டு வகுப்பு அத்தோடு நின்றுபோயிருக்கும். "அப்பா ஊருக்குப் போயிட்டார்" என்று சொன்னால் விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. அது கிடைக்காமல் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறியவர்கள் பல குடும்பங்களில் இருந்தார்கள். பதினைந்து வயதில் பாட்டை விட்டுவிட்டு பால் வெட்டும் உளி பிடித்த பையனுக்குப் பின்னால் அப்படி ஒரு கப்பல் இருக்கக்கூடும்.

படத்தைத் திருப்பிப் பாருங்கள்

பழைய படத்தைக் கொடுத்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கும், ஊர் இருக்கும். ஊர்ப் பெயரே ஒரு காலண்டர்தான்: தெலுக் ஆன்சன் என்று இருந்தால் 1982-க்கு முன்பு, ஏனென்றால் அந்த ஆண்டுதான் அது தெலுக் இந்தான் ஆனது. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. பத்தாங் பெர்ஜுந்தை 2007 வரை அந்தப் பெயரில்தான் இருந்தது. முத்திரை அழிந்திருந்தால் படத்தைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். எழுத்தின் பள்ளம் தெரியும்.

ஒரு மெல்லிசைக் குழுப் படம் வந்தது. பலகை மேடை, பின்னால் பாதி வெட்டுப்பட்ட துணி, ஸ்டூலில் ஆர்மோனியம், ஓரத்தில் பேங்கோ, நடுவில் கிட்டாரோடு விழா நாயகர். இடது கையால் மீட்டிக்கொண்டிருந்தார். 'இடக்கைக் கலைஞர்' என்று தலைப்புப் போடலாமா என்று விழாக் குழுவில் ஒரு தம்பிக்கு ஆசை. நான் சட்டைப் பைகளைப் பார்த்தேன். நின்றவர்கள் எல்லோருக்கும் பை வலது பக்கம்! நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்டு போட்டிருக்கிறார்கள். கணினியில் புரட்டியதும் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தது, துணியில் தெரிந்த அரை எழுத்தும் 'ன்' ஆனது. பை, பொத்தான், கைக்கடிகாரம், எழுத்து ஆகிய நான்கையும் பார்க்காமல் பழைய குழுப் படத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

போனில் படமெடுத்தால் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, வராந்தா நிழலில் வைத்து, மேலிருந்து நேராக எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சில் முகம் மாவாகிவிடும். அசலை ஒருநாளும் கேட்டு வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

பத்திரிகைத் தேடல்

'தமிழ் நேசன்' 1924 முதல் 2019 வரை வந்தது. திருவிழா, பாட்டுப் போட்டி, நாடகச் செய்திகள் அதில் நிறைய உண்டு. வீட்டில் வெட்டி வைத்த துண்டு இருந்தால் தேதி வெட்டுப்பட்டிருக்கும். மறுபக்கத்துச் செய்தியையோ சினிமா விளம்பரத்தையோ படியுங்கள், ஆண்டு அகப்படும். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகமும் மலாயாப் பல்கலைக்கழக நூலகமும் இருக்கின்றன. அதுவரை போக முடியாதவர்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம்.

தேடும்போது ஆளின் பெயரை நம்பாதீர்கள். சுப்பிரமணியத்தையும் லெட்சுமியையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்திருப்பார்கள். தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஹீவுட், டோவன்பி, எல்பில் போன்றவை அவ்வளவாக மாறாது. ஊர்ப் பெயரைப் பழைய எழுத்துக்கூட்டலில் போடுங்கள். சுங்கை என்பதில் இன்று ஆங்கில 'ஏ' (A) இருக்கும் இடத்தில் அன்று 'இ' (E) போட்டார்கள். அதை மாற்றினால் ஒன்றும் வராத இடத்தில் பக்கம் பக்கமாக வரும்.

எழுதும்போது

விருதுகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். டத்தோ பட்டம் பெயருக்கு முன்னால் இருக்கட்டும், மறுபடி மறுபடி வேண்டாம். 'சிறு வயதில் மிகவும் கஷ்டப்பட்டார்' என்று எழுதத் தோன்றும் இடத்தில், கஷ்டம் என்ன என்று எழுதுங்கள்: "அம்மாவோடு இருட்டில் ரப்பர் மர நிரைக்குப் போய், பால் பிடிக்கும் மங்கு துடைத்துவிட்டு, பால் வாடை போகாத கையோடு பள்ளிக்கு வருவார். தலைமையாசிரியர் கையைக் கழுவச் சொல்லிவிட்டுத்தான் கடவுள் வாழ்த்துப் பாட வைப்பார்." அந்தக் கடவுள் வாழ்த்துதான் அவருடைய முதல் மேடை என்று நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம். வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

கள்ளுக்கடை, அப்பாவின் அடி, முதல் கல்யாணம், சாதி போன்றவை பேச்சில் வரும். எழுதலாமா என்று ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். விட்ட இடத்தைப் பொய்யால் நிரப்பாமல் இருந்தால் போதும். அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்தவரை 'தந்தையின் அரவணைப்பில்' வளர்த்துவிடாதீர்கள், அவர் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இன்னொன்று, இசை சொல்லிக் கொடுத்தவரின் பெயர் தெரிந்தால் அவசியம் போடுங்கள். தப்படித்துத் தாளம் பழக்கியவர், கோயில் பஜனையில் தாளம் பிடித்துக் கொடுத்தவர், ஓய்வு நேரத்தில் ஆர்மோனியம் பழக்கிய வாத்தியார் என்று யாராக இருந்தாலும் சரி. அவர்களுக்கு மலர் போட இனி யாரும் வரப்போவதில்லை.

முடித்ததும் கலைஞரிடமும் அக்காவிடமும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கண்ணால் படிக்கக் கொடுத்தால் "நல்லாயிருக்கு" என்பார்கள். காதால் கேட்டால் திருத்துவார்கள். கட்டுரையின் அடியில் எதை யார் சொன்னார்கள், எந்த மாதம் கேட்டது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போடுங்கள். இடமில்லை என்பார்கள். அடுத்த பக்கத்து விளம்பரத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் வரும், நான் செய்து தருகிறேன்.

விழா முடிந்ததும் மிஞ்சிய மலர்களை மேசைக்கடியில் போட்டுவிடுவார்கள். அப்படிப் போகும் முன் அவர் படித்த பள்ளிக்கு ஒன்று, கோயில் அலுவலகத்துக்கு ஒன்று எடுத்து வையுங்கள். நாட்டில் அச்சாகும் நூல்களைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986-இலேயே சட்டம் வந்துவிட்டது. கோயில் மலரை யார் கேட்கப் போகிறார்கள் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அட்டைப்பெட்டியில் போட்டுக் கோலாலம்பூருக்குத் தபாலில் அனுப்பினால் வாங்கிக்கொள்வார்கள். அனுப்பும் பிரதியில் அச்சிட்ட இடமும் ஆண்டும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.